விட்டுப்போன முப்பத்தொரு நாள்

எங்கள் ஊரில் தங்களைப் பெரிய புள்ளி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேர் வீட்டு ஏசியை நான்தான் கழற்றிக் கழுவுகிறேன். அதனால் அவர்கள் எவ்வளவு பெரிய புள்ளிகள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நான் மதிக்கிற புள்ளி ஒன்றே ஒன்றுதான். வானிலை அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் எண்களைத் தட்டிப் பதிந்த ஓர் அக்கா. தசமப் புள்ளியை ஒருநாளும் இடம் மாற்றி வைத்ததில்லை என்பதால் எல்லோருக்கும் அவர் புள்ளியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

நான் அந்த அலுவலகத்தின் ஏசி மெக்கானிக். சம்பளப் பட்டியலில் என் பெயர் கிடையாது, ஆனால் வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் கிடப்பேன். காரணம் அங்கிருக்கும் கம்ப்யூட்டர் அறை. இன்னும் நாற்பது வருடத்தில் எவ்வளவு வெயில் அடிக்கும், எவ்வளவு மழை கொட்டும் என்று இரவும் பகலும் கணக்குப் போடுகிற அந்த இயந்திரங்கள், அறையில் நாலு டிகிரி ஏறினால் தாங்களே மயங்கி விழுந்துவிடும். ஊருக்கு வருகிற வெயிலைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு விசிறி வீசுகிற வேலை என்னுடையது. வெயில் ஏற ஏற எனக்கு வேலை ஏறும். ஊருக்குக் கெட்ட காலம் என்றால் எனக்கு நல்ல காலம். இதை நான் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

புள்ளியக்காவின் மேசை முதல் மாடியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கும். வெளியே பார்த்தால் கவனம் சிதறுமாம். மழையை எண்ணுகிற ஆள் மழையைப் பார்க்க மாட்டார், அதுதான் அவர் சுபாவம். மலையிலும் சமவெளியிலும் இருக்கிற மழை நிலையங்களில் தினமும் காலை எட்டு மணிக்கு யாராவது ஒருவர் மழைமானியை அளந்து ஒரு பதிவேட்டில் எழுதியிருப்பார். அறுபது வருடப் பதிவேடுகள். அவற்றை இடது கையால் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே, வலது கையால் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அக்கா. மேசையில் டீ வைக்க விடமாட்டார். பக்கத்தில் நின்று பேசினால் ஸ்கேலால் தட்டுவார், நானே இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு நாளின் அளவு இல்லையென்றாலோ, அளந்தவரே விடுபட்டது, தவறிவிட்டது என்று பக்கத்தில் குறித்திருந்தாலோ, அந்த நாளுக்குக் கழித்தல் தொண்ணூற்றொன்பது என்று போட வேண்டும். மழை கழித்தலில் பெய்யாது இல்லையா, அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் அந்த நாளைத் தாண்டிப் போய்விடும். அலுவலகத்தில் இது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. யாராவது வேலைக்கு வரவில்லையென்றால், "இன்னிக்கு அவர் தொண்ணூத்தொம்பது" என்பார்கள். இயக்குநர் மாதத்தில் பாதி நாள் தொண்ணூற்றொன்பதுதான். இருக்கிற நாளில் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அதனால் அவருக்குப் பாக்கலாம் சார் என்று பெயர்.

இந்தக் கதைக்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு பெண் விஞ்ஞானி அங்கே வந்து சேர்ந்தார். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன வெயில், என்ன மழை வரும் என்று சொல்வது அவர் வேலை. கட்டம் போட்டு எதிர்காலம் சொல்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதல் வாரத்திலேயே ஜோசியரம்மா ஆகிவிட்டார். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருநாள் நான் ஏசி வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

"உலகம் முழுசுக்கும் கணக்குப் போடுற மாடல்ல ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர்ண்ணா. மலை, ஆறு, நம்ம ஊரு எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள அடைஞ்சு கெடக்கும். நான் அதை நாலு கிலோமீட்டர் கட்டமா உடைக்கிறேன். அப்பதான் மலை மலையா இருக்கும், பள்ளம் பள்ளமா இருக்கும்."

"சரி, அது சொல்றது நெசம்னு எப்படித் தெரியும்?"

"முதல்ல நடந்து முடிஞ்ச அறுபது வருசத்தைச் சொல்லச் சொல்வேன். அதைப் புள்ளியக்கா கணக்கோட ஒத்துப் பாப்பேன். நடந்ததைச் சரியாச் சொன்னா, நடக்கப்போறதையும் நம்பலாம்."

"ஊர்ல இருக்கிற ஜோசியருங்களும் நடந்ததைச் சரியாத்தான் சொல்றாங்க."

"அவங்க நம்ம வாயைப் பிடுங்கிச் சொல்றாங்க. இது அப்படி இல்ல" என்று சிரித்தார்.

எல்லாக் கட்டமும் ஒத்துப்போனது, ஒன்றைத் தவிர. எங்கள் ஊர் ஆறு இறங்கி வருகிற மலை இருக்கும் கட்டம். அங்கே பழைய நாள்களில் ஒரே நாளில் இருநூறு மில்லிமீட்டர் வரை கொட்டியிருக்கிறது என்று மாடல் சாதித்தது. புள்ளியக்கா பதிந்த கணக்கில் அதிகபட்சமே நூற்றுப் பதினெட்டுதான். அந்த மலையில் இருந்தது ஒரே ஒரு நிலையம். அணையின் மதகைத் திறந்து மூடுகிறவர் பத்தொன்பது வருடம் அங்கே மழையையும் அளந்து எழுதியிருந்தார். மதகுக்காரர் செத்துப் பல வருடம் ஆகிறது. இப்போது யாரை நம்புவது? இயந்திரத்தையா, தப்பே செய்யாத புள்ளியக்காவையா? யாரும் யோசிக்கக்கூட இல்லை. ஜோசியரம்மா அந்தக் கட்டத்தின் மழையை ஒரு பின்னத்தால் பெருக்கிக் குறைத்துவிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர், காதைத் திருகுவது.

இதெல்லாம் காகிதத்தோடு போனால் பரவாயில்லை. பாலத்துக்குப் பக்கத்துத் தாழ்ந்த நிலத்தில் நகராட்சி புதிதாகப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டப் போகிறது. வேறு இடம் கிடைக்கவில்லை. தரைத்தளம் சாலையிலிருந்து எத்தனை படி உயரம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய நகராட்சி இன்ஜினியருக்கு ஓர் எண் வேண்டும்: வருகிற நாற்பது வருடத்தில் அந்த மலையில் ஒருநாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்யும்? காதைத் திருகிய கணக்குப்படி மூன்று படி போதும் என்று வந்தது. புள்ளியக்காவின் ஒரே மகள் நர்ஸ். பழைய பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து இந்தப் புதுக் கட்டடத்துக்குத்தான் மாறப் போகிறாள். பிரசவ அறை தரைத்தளத்தில்.

அறிக்கை புதன்கிழமை போக வேண்டும், அதற்கடுத்த வாரம் கான்கிரீட். அந்தப் புதனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜோசியரம்மா அக்காவின் மேசைக்கு வந்தார்.

"அக்கா, மலை நிலையத்துல முப்பத்தொரு நாள் தொண்ணூத்தொம்பது போட்டிருக்கு. பத்தொம்பது வருசத்துக்கு அது பெரிய விஷயமே இல்ல. இருந்தாலும் மூலப் பதிவேட்டை ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா, சரிபார்த்தாச்சுன்னு ஒரு வரி எழுதிடுவேன்."

அக்காவுக்குச் சுருக்கென்று இருந்தது, முகத்தில் தெரிந்தது. "பாத்துடறேன்" என்றார்.

பதிவேடுகள் இருக்கும் அறை மாடியின் கோடியில். அங்கே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று நானும் அன்று அங்கேதான் ஏணி போட்டிருந்தேன். வெளியே நல்ல மழை. அக்கா இரும்பு அலமாரியைத் திறந்து, மதகுக்காரரின் பதிவேடுகளைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினார். நீல மை, அச்சடித்த மாதிரி எழுத்து. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்திரண்டு வயசில் அக்கா முதன்முதலாகப் பதிந்த நிலையம் அது. வரிக்கு வரி அவருடைய பென்சில் கோடு சின்னதாகச் சாய்ந்து நின்றது.

"இங்க பாரு தம்பி" என்று என்னைக் கீழே இறக்கிக் காட்டினார். "நூத்தி எழுபத்தி ரெண்டு புள்ளி நாலுன்னு அளவு எழுதியிருக்கார். ஆனா குறிப்புல என்ன போட்டிருக்கார்? விட்டது. முப்பத்தொரு நாள்லயும் இதே குறிப்பு. அளவுல ஏதோ விட்டுப்போச்சு, நம்பாதீங்கன்னு அவரே சொல்றார். அப்ப தொண்ணூத்தொம்பது போடாம வேற என்ன போடறது?"

"நல்ல கையெழுத்துக்கா" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் நிம்மதியாகப் பதிவேடுகளை மூடி அடுக்க ஆரம்பித்தார். நான் ஏணியை மடக்கினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"அக்கா, மழை விட்டுடுச்சு. நான் கெளம்பறேன்."

அடுக்கின கை நின்றது. "என்ன சொன்னே?"

"மழை விட்டுடுச்சு, கெளம்பறேன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துச் சத்தமாகச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "நீ போப்பா" என்றார். நானும் போய்விட்டேன். சாலையில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிடுமோ என்ற கவலை எனக்கு. சில நேரம் நான் எவ்வளவு பெரிய மடையன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் தையல்காரர், வீட்டின் முன்னறைதான் கடை. துணி வெட்டும் மேசை அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கொக்கியில் மகளின் வெள்ளைச் சீருடை.

"ஏசி என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டுக்கொண்டே கருவிப் பையை இறக்கினேன்.

"ஏசி நல்லாத்தான் இருக்கு மாப்ள. உங்க அக்காதான் ரெண்டு நாளா சூடா இருக்கா. என்னன்னு கழட்டிப் பாருங்க."

அக்கா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர்போல் பேச ஆரம்பித்தார்.

"விட்டதுன்னா அளவு விட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லப்பா. மழை விட்டதுன்னு அர்த்தம். அவர் மதகுக்காரர். பெரிய மழை எப்ப நின்னுதுன்னு குறிச்சு வெச்சாத்தான், தண்ணி எப்ப எறங்கும், மதகை எப்ப மூடலாம்னு கணக்குப் போட முடியும். சின்னத் தூறலுக்கு அவர் அப்படி எழுதவே இல்ல. கொட்டித் தீர்த்த நாளுக்கு மட்டும்தான் எழுதியிருக்கார். அந்த நாளாப் பாத்து நான் அழிச்சிருக்கேன்."

"நிச்சயமாத் தெரியுமாக்கா?"

"நேத்து தனியாப் போய் மதகு நோட்டை எடுத்துப் பாத்தேன். அதே அலமாரில, கீழ்த் தட்டுல இருந்துச்சு. அதே தேதி, அதே மை. 'மழை விட்டது, மாலை ஐந்து. மூன்றாம் மதகு மூடல்.' முழுசா எழுதியிருக்கார். முப்பத்தொரு நாளும் சரியா இருக்கு. அதிகபட்சம் இருநூத்தி நாலு புள்ளி ஆறு."

மாடல் சாதித்த எண்ணும் இருநூற்றுக்குப் பக்கத்தில்தான். இது எனக்கே புரிந்தது.

"அப்ப ஒரு வார்த்தை கேட்டேன்ப்பா, கேக்காம இல்ல" என்றார் அக்கா. "புதுசா சேந்தவ நான். சூப்பர்வைசர்கிட்டப் போய், சார், விட்டதுன்னு இருக்கே, என்ன பண்றதுன்னேன். அவர் தலையே நிமிரலை. விட்டா விட்டதுதான், தொண்ணூத்தொம்பது போடுன்னார். போட்டேன்."

"அப்ப தப்பு அவரோடதுதானே?"

"அவர் வாய்தானே சொல்லுச்சு. அடிச்ச கை என்னோடது." வலது கையை விரித்துப் பார்த்தார். "மழை விட்டும் தூவானம் விடலைன்னு நாளைக்கு நாலு தடவை சொல்றவ நான். அந்த விட்டது எனக்குத் தோணலையே. அந்த மனுஷன் முப்பத்தொரு நாள், பேய் மழை பேஞ்ச காலைல, வழுக்குற கரையில நடந்து போய் அளந்து எழுதியிருக்கார். நான் ஃபேனுக்குக் கீழ உட்காந்துகிட்டு அழிச்சுட்டேன்."

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் புத்தி குறுக்கே போனது. யாருக்கும் தெரியாதே, அறிக்கையில் சரிபார்த்தாச்சு என்று ஒரு வரி போட்டால் முடிந்தது, முப்பத்து மூன்று வருடப் பெயரை ஏன் ஒரே நாளில் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அக்காவும் அதை நினைத்திருப்பார். இல்லையென்றால் இரண்டு நாள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார். "அந்த ஆஸ்பத்திரிக்குக் கான்கிரீட் போட்டாச்சா?"

"இல்ல. அடுத்த வாரம்."

"அப்ப துணி இன்னும் வெட்டலை. அளவுதான் தப்பா எடுத்திருக்கே. வெட்டினதுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா நானும் உன்கூட உக்காந்து அழுதிருப்பேன். இப்ப எழுந்து சாப்பிடு."

அக்கா எழுந்து சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். வந்ததற்கு மாமா என் சட்டைக்கு இரண்டு பொத்தான் தைத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பாக்கலாம் சாரின் அறையில் நான்கு பேர். அவர், நகராட்சி இன்ஜினியர், ஜோசியரம்மா, புள்ளியக்கா. ஐந்தாவதாக நான், ஏணியின் மேல், மேற்கூரை ஏசியின் வயிற்றுக்குள் தலையை விட்டபடி. அந்த ஏசிக்கு ஒரு குறையும் கிடையாது. குறை இருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

அக்கா உட்காரவில்லை. பதிவேட்டையும் மதகு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. சூப்பர்வைசர் பேச்சையே எடுக்கவில்லை.

பாக்கலாம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யானைக்கும் அடி சறுக்கும்மா. இதுக்குப் போய் நீங்க ஏன் இவ்வளவு... பதிவேட்டுல குறிப்பு தெளிவா இல்லைன்னு ஒரு வரி எழுதிட்டாப் போச்சு. உங்க பேரும் அடிபடாது. அவரும் இப்ப இல்ல, வந்து கேக்கப் போறதில்ல. பாக்கலாம்."

நல்ல மனிதர்தான், அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் செத்தவர் தலையில் போடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்கு ஏணி மேலிருந்து பார்த்தேன்.

"யானை சறுக்கினா யானைக்கு மட்டும்தான் சார் அடி" என்றார் அக்கா. "இங்க சறுக்கினது நான், விழப்போறது பிள்ளை பெத்துக்க வர்ற பொண்ணுங்க. அவர் எழுத்துல ஒரு தெளிவுக் குறையும் இல்ல. தெளிவு இல்லாம இருந்தது என் புத்தி. எழுதறதா இருந்தா அப்படியே எழுதுங்க."

ஜோசியரம்மா அந்த முப்பத்தொரு எண்களும் எழுதியிருந்த தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது. அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் இரண்டு வருட உழைப்பு, எழுதி முடித்த அறிக்கை, எல்லாம் தன்னால் போச்சு என்று அவர் நினைத்தது எனக்கு அங்கிருந்தே கேட்ட மாதிரி இருந்தது. இன்ஜினியர் போனைப் பார்த்தார். பாக்கலாம் சார் என்னைப் பார்த்து, "இன்னுமா முடியலை?" என்றார். கேஸ் கம்மியாக இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஜோசியரம்மா மடிக்கணினியோடு திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. மாடிப்படியில் ஓடி வந்திருக்கிறார்.

"அக்கா, உக்காருங்க. இதைப் பாருங்க. சிவப்புக் கோடு மாடல் சொன்ன மழை, காதைத் திருகறதுக்கு முன்னாடி. கறுப்புப் புள்ளி எல்லாம் மதகுக்காரர் எழுதின முப்பத்தொரு நாள். இருபத்தாறு நாள் கோட்டு மேலயே உக்காருது." அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "ரெண்டு வருசமா இது கத்திக்கிட்டே இருந்துச்சுக்கா. அங்க பெரிய மழை பேஞ்சுது, பேஞ்சுதுன்னு. நான்தான் பொய் சொல்லுதுன்னு அடக்கி வெச்சிருந்தேன். அது பொய் சொல்லலை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே ஒரே மழையைச் சொல்லியிருக்காங்க."

"அப்ப உன் வேலை வீணாப் போகலியா?"

"வீணாவா? இப்பதான்க்கா எனக்கே அதுமேல நம்பிக்கை வந்திருக்கு. இனிமே மத்தக் கட்டத்துக்கெல்லாம் அது சொல்றதையும் தைரியமாச் சொல்லலாம்" என்று அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்தது. ஏசிக்குள் தலை இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

இன்ஜினியர்தான் காரியத்தில் கண்ணாக இருந்தார். "அப்ப மூணு படி?"

"பத்தாது சார். போன காலத்துலயே இருநூத்தி நாலு பேஞ்சிருக்கு. வரப்போற காலத்துல பெரிய மழை இன்னும் கனக்கும். ஏழு படி வேணும்."

"ஏழா? சாய்வுப் பாதை எவ்வளவு நீளத்துக்குப் போகும் தெரியுமா? வரைபடம் முழுசா மாத்தணும்" என்று முனகினார். முனகிக்கொண்டே பென்சிலை எடுத்துவிட்டார், அது நல்ல இன்ஜினியருக்கு அடையாளம்.

"பாக்கலாம், ஒரு வாரம் தள்ளிப் போட்டு..." என்று இழுத்தார் இயக்குநர்.

"பாக்க வேணாம் சார், இப்பவே எழுதுங்க" என்றார் புள்ளியக்கா. முப்பத்து மூன்று வருடத்தில் அவர் இயக்குநருக்குக் கட்டளையிட்டது அந்த ஒரு தடவைதான். அவரும் எழுதினார்.

திருத்திய கணக்கோடு போகும் குறிப்பை அக்காவே தட்டினார். இப்போதும் அந்த மலை நிலையத்தின் மழைக் கணக்கை யார் எந்த நாட்டிலிருந்து இறக்கிப் பார்த்தாலும் முதல் பக்கத்தில் அது இருக்கும். முப்பத்தொரு நாளின் தேதிகள், அதன் கீழே இரண்டே வரி. 'எழுதியவர் சரியாக எழுதினார். பதிந்தவர் தவறாகப் படித்தார்.' பதிந்தவர் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயர். அன்றைக்குத்தான் அந்தப் பெயரை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"இனிமே என்னைப் புள்ளியக்கான்னு கூப்பிடாதீங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். யாரும் கேட்கவில்லை. கூப்பிட்டால் முதலில் திரும்பாமல் இருந்து பார்த்தார், இரண்டு வாரத்தில் பழையபடி திரும்ப ஆரம்பித்தார். ஆனால் மனசு ஆறவில்லை. அலுவலகக் கணக்கில் இருந்த எல்லாத் தொண்ணூற்றொன்பதையும் மூலப் பதிவேட்டோடு மறுபடி ஒத்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். ஒரு வருடம் பிடித்தது. இன்னும் நான்கு நாள் அகப்பட்டது, நான்கும் வேறு ஆள் பதிந்தது. அதற்காக அவர் சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் ஸ்கேலால் அடிப்பார், ஆனால் பட்டார்.

ஜோசியரம்மாவின் அறிக்கை வெயிலையும் சேர்த்துத்தான் சொன்னது. நாற்பது டிகிரியைத் தாண்டும் நாள்கள் இப்போதைப் போல மூன்று மடங்காகும், இரவுகூடக் குளிராது என்று. அதனால் இன்ஜினியர் ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கூரை போட்டு, ஜன்னல்களை எதிரெதிராக வைத்து, வெளியே அகலமாக நிழல் இறக்கிவிட்டார். ஏசி வைக்க அளவெடுக்கப் போன நான், நான் நினைத்ததில் பாதிதான் தேவைப்படும் என்று தெரிந்து திரும்பினேன். என் பிழைப்பில் மண் விழுந்தாலும் கட்டடம் நன்றாக இருந்தது.

திறந்து இரண்டாம் வருடம் அந்த மழை வந்தது. மலையில் இப்போது தானாக அளக்கும் கருவி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அது அனுப்பிய எண் இருநூற்றுப் பதினொன்று. ஜோசியரம்மா அதை வாய்விட்டுப் படிக்காமல் அக்காவின் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினார். அக்கா பார்த்தார். அன்றைக்கு மட்டும் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். மகளுக்குப் போன் போகவில்லை, செல்போன் கோபுரம் எங்கோ விழுந்திருந்தது. மழை நின்றும் ஆறு ஏறிக்கொண்டே இருந்தது, பாலத்துப் பக்கம் யாரையும் விடவில்லை. மத்தியானம் வரை அந்த அறையில் யாரும் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. நான்கூட உண்மையாகவே பழுதான ஏசியைத் தொடவில்லை.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார், இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

"அம்மா, தண்ணி அஞ்சாவது படி வரைக்கும் வந்துச்சும்மா. இப்ப எறங்குது. உள்ள ஒரு சொட்டு இல்ல."

"நீ எப்படி இருக்கே?"

"கால் வலிக்குது, காலைலேர்ந்து உக்காரவே இல்ல. வெக்கறேன்மா, உள்ள கூப்பிடறாங்க."

அன்று அந்தத் தரைத்தளத்தில் ஆறு குழந்தைகள் பிறந்தன.